கர்ப்பிணிக்குக் கருப்பை வாய்த் தொற்று: எந்த நோய்க் குறியீடு (கோடு), ஏன்?

கேள்வி இதுதான்: வெளிநோயாளியாக வந்த ஒரு பெண், 22 வாரக் கர்ப்பம். மருத்துவர் தன் குறிப்பில் "கிளமிடியாவால் ஏற்பட்ட செர்விசைட்டிஸ், அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார். செர்விசைட்டிஸ் என்றால் கருப்பை வாய் அழற்சி; கிளமிடியா பாலுறவு வழியாகப் பரவும் கிருமி; அசித்ரோமைசின் அதற்கான மருந்து. கேட்டவர் என்72, இசட்33.1 என்று இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார். கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் இரண்டையும் அடித்துவிட்டார். "அப்படியானால் ஓ23.512 சரியா?" என்று கேட்கிறார்.

அதுவும் சரியில்லை. இந்த சார்ட்டுக்கு (நோயாளிப் பதிவுக்கு) முதலில் ஓ98.312, அடுத்து ஏ56.09, கடைசியாகக் கர்ப்ப வாரத்தைச் சொல்லும் இசட்3ஏ.22. இவ்வளவுதான் விடை. ஆனால் இதை மனப்பாடம் செய்தால் அடுத்த சார்ட்டில் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் பேசுவது அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பு பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10-இல் ஓ23.5 என்று நாலு இடத்தோடு கதை முடிந்துவிடும். கருப்பை வாய்க்குத் தனி இடமும் இல்லை, டிரைமெஸ்டரும் (கர்ப்பத்தின் மூன்று மாதப் பகுதி) இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, இந்தக் கோடுகளின் முதலில் நிற்பது ஓ என்ற எழுத்து. பூஜ்யம் என்று தட்டி காப்பீட்டுக் கிளெய்ம் திரும்பி வந்த கதைகள் உண்டு.

முதலில் என்72 ஏன் விழுந்தது என்று பார்ப்போம். என்72 என்றால் கருப்பை வாயின் அழற்சி நோய். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு, கிருமி தெரியாத நிலையில், இது சரியான கோடுதான். ஆனால் என்70 முதல் என்77 வரையிலான தொகுதியின் தலைப்பிலேயே ஒரு எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு இருக்கிறது: கர்ப்பம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்தைய காலம் ஆகியவற்றைச் சிக்கலாக்கும் இடுப்புறுப்பு அழற்சிகள் இங்கே வரக்கூடாது, ஓ வரிசைக்குப் போ என்கிறது. பலரும் கோடின் அடியில் இருக்கும் குறிப்பை மட்டும் படித்துவிட்டுத் தொகுதித் தலைப்பைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். என்கோடர் மென்பொருளில் நேராகக் கோடைத் தேடி எடுப்பவர்களுக்கு இந்தத் தலைப்புக் குறிப்பு கண்ணிலேயே படுவதில்லை.

அடுத்து இசட்33.1. கர்ப்பம் தற்செயலாக இருக்கிறது, வந்த பிரச்சினைக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கான கோடு இது. யார் அப்படிச் சொல்ல வேண்டும்? மருத்துவர். கோடு போடும் கோடர் அல்ல. வழிகாட்டு விதி இதில் தெளிவாக இருக்கிறது: கர்ப்பிணிக்கு வரும் எந்த நோயும் கர்ப்பத்தைச் சிக்கலாக்குவதாகவே எடுத்துக்கொள்ளப்படும், அப்படி இல்லை என்றால் அதை எழுத வேண்டிய பொறுப்பு மருத்துவருடையது. கணுக்கால் சுளுக்குக்கு அவர் அப்படி எழுதலாம். கருப்பை வாய்த் தொற்றுக்கு எந்த மகப்பேறு மருத்துவரும் அப்படி எழுத மாட்டார் என்பது என் எண்ணம். அது மட்டுமல்ல, கர்ப்பம், பிரசவம் பற்றிய 15ஆம் அத்தியாயத்தின் ஓ கோடு ஒன்று சார்ட்டில் வந்துவிட்டால் இசட்33.1-க்கு அங்கே இடமே கிடையாது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஓ23.51 என்பது "கர்ப்ப காலத்தில் கருப்பை வாய்த் தொற்று". பெயரைப் பார்த்தால் நம் நோயாளிக்கு அளந்து தைத்த மாதிரி இருக்கிறது. இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். இந்த வகைக் கோடுகளில் தொற்று எங்கே இருக்கிறது என்பதைவிட, எந்தக் கிருமியால் வந்தது என்பதுதான் குடும்பத்தைத் தீர்மானிக்கிறது. பாலுறவு வழியாகப் பரவும் கிருமி என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் ஓ23-ஐ விட்டு ஓ98-க்குப் போக வேண்டும். கொனோரியாவுக்கு ஓ98.2. கிளமிடியா, டிரைக்கோமோனாஸ், ஹெர்பெஸ் என்று ஏ55 முதல் ஏ64 வரை வருபவை எல்லாம் ஓ98.3.

ஓ98 தனியாக நிற்காது. "ஏதோ ஒரு பால்வினைத் தொற்று கர்ப்பத்தைச் சிக்கலாக்குகிறது" என்று மட்டும்தான் அது சொல்கிறது. எது, எங்கே என்று சொல்லத் தொற்றுநோய்களுக்கான முதல் அத்தியாயத்திலிருந்து இன்னொரு கோடு வேண்டும். கிளமிடியா செர்விசைட்டிஸ் என்றால் ஏ56.09. கொனோரியா செர்விசைட்டிஸ் ஏ54.03. ஹெர்பெஸ் செர்விசைட்டிஸ் ஏ60.03. டிரைக்கோமோனாஸ் கருப்பை வாயில் என்றால் ஏ59.09, யோனியில் என்றால் ஏ59.01. உறுப்பு எது என்ற விவரம் இந்த இரண்டாவது கோடில்தான் பதிவாகிறது. கிளமிடியாவும் கொனோரியாவும் சேர்ந்தே வருவது சகஜம். அப்போது இரண்டு ஜோடியும் போட வேண்டும். அதே 22 வாரத்தில் ஓ98.212, ஏ54.03, ஓ98.312, ஏ56.09, அப்புறம் இசட்3ஏ.22.

அப்படியானால் ஓ23.51 எதற்கு? பால்வினைக் கிருமி அல்லாத தொற்றுக்கு, அல்லது கிருமி இன்னும் தெரியாத தொற்றுக்கு. கிருமி தெரிந்தால் கூடவே பி95 அல்லது பி96 வரிசையில் ஒரு கோடு சேர்க்கச் சொல்கிறது புத்தகம். தெரியாவிட்டால் ஓ23.51 தனியாகவே போகலாம். கூட இன்னொரு தொற்று இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். ஓ23-இன் கீழ் ஓ98 பற்றி இருப்பது எக்ஸ்க்ளூட்ஸ்2 குறிப்பு. அதாவது இரண்டும் வேறு வேறு பிரச்சினைகளாக ஒரே பெண்ணுக்கு இருக்கலாம், இருந்தால் இரண்டையும் போடு. கிளமிடியா செர்விசைட்டிஸ், கூடவே ஈ.கோலையால் சிறுநீர்த் தொற்று என்றால் ஓ98.312, ஏ56.09, ஓ23.42, பி96.20 எல்லாமே வரும். ஆனால் கருப்பை வாயில் உள்ள ஒரே கிளமிடியா தொற்றுக்கு ஓ98.312-உம் ஓ23.512-உம் சேர்த்துப் போடுவது ஒரே நோயை இரண்டு முறை எண்ணுவது. எக்ஸ்க்ளூட்ஸ்2 அதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

இனி டிரைமெஸ்டர். முதலாவது, 14 வாரம் 0 நாளுக்கு முன்வரை. இரண்டாவது, 14 வாரம் 0 நாள் முதல் 28 வாரம் 0 நாளுக்கு முன்வரை. மூன்றாவது, அதிலிருந்து பிரசவம் வரை. கோடின் கடைசி இலக்கம் 1, 2, 3 என்று அதைச் சொல்லும்; 9 என்றால் தெரியவில்லை. 13 வாரம் 6 நாள் முதல் டிரைமெஸ்டர்தான், இசட்3ஏ.13. "கிட்டத்தட்ட 14" என்று தள்ளிவிடக் கூடாது, நிறைவடைந்த வாரம்தான் கணக்கு. மருத்துவர் டிரைமெஸ்டர் எழுதாமல் வாரம் மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து நீங்கள் டிரைமெஸ்டரைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசி மாதவிடாய்த் தேதி மட்டும் இருந்தால் நானாக உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. ஸ்கேனுக்குப் பிறகு தேதியை மருத்துவர் மாற்றியிருக்கலாம். கேட்டுவிடுவது நல்லது. 9-இல் முடியும் கோடைப் போட்டுத் தப்பிப்பது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன். மகப்பேறு சார்ட்டில் வாரம் எங்காவது ஒரு மூலையில் இருக்கும்.

உள்நோயாளி என்றால் ஒரு சின்னத் திருப்பம். 27 வாரம் 5 நாளில் சேர்க்கப்பட்டு, 28 வாரம் 2 நாளில் வீட்டுக்குப் போகிறார் என்று வையுங்கள். தொற்று சேர்க்கையின்போதே இருந்தது. டிரைமெஸ்டர் இரண்டுதான், மூன்று அல்ல. சிக்கல் எப்போது உருவானதோ அதுதான் கணக்கு, வீட்டுக்குப் போன தேதி அல்ல. வாரத்துக்கும் சேர்க்கை தேதியே, இசட்3ஏ.27.

அந்தச் சேர்க்கையிலேயே பிரசவம் ஆகிவிட்டால்? ஓ98 குடும்பத்தில் "பிரசவத்தின்போது" என்று தனிக் கோடு உண்டு: கொனோரியாவுக்கு ஓ98.22, மற்றவைக்கு ஓ98.32. அது இருக்கும்போது டிரைமெஸ்டர் கோடைப் போடக் கூடாது. ஓ23.51-க்கு அப்படி ஒரு வாய்ப்பே இல்லை, அதனால் அங்கே நடப்பு டிரைமெஸ்டர் கோடே போகும், பெரும்பாலும் ஓ23.513. பிரசவத்துக்குப் பிறகு தோன்றும் செர்விசைட்டிஸுக்கு ஓ86.11; பால்வினைக் கிருமி என்றால் ஓ98.23 அல்லது ஓ98.33. பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களுக்கு இசட்3ஏ போடுவதில்லை. குழந்தையின் சார்ட்டில் எந்த ஓ கோடும் வரக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் இன்னமும் ஆடிட்டில் பார்க்கிறேன். குழந்தைக்குப் பி வரிசைக் கோடுகள் (ஆங்கில P; முன்பு சொன்ன பி95, பி96 ஆங்கில B) தனியாக இருக்கின்றன. கிளமிடியாவால் வரும் பச்சிளங்குழந்தைக் கண்ணழற்சி பி39.1-இல் அடங்கும், நிமோனியா பி23.1-இல்.

விதிகள் இவ்வளவுதான். உண்மையான தலைவலி கோடுகளில் இல்லை, மருத்துவர் எழுதும் குறிப்பில் இருக்கிறது. நம் கேள்வியில் "கிளமிடியாவால் ஏற்பட்ட" என்று மருத்துவர் எழுதிவிட்டார். அது அதிர்ஷ்டம். பெரும்பாலும் "செர்விசைட்டிஸ். கிளமிடியா பாசிட்டிவ்." என்று இரண்டு துண்டாக இருக்கும். அல்லது மருத்துவர் வெறும் "செர்விசைட்டிஸ்" என்று எழுதியிருப்பார், ஆய்வக அறிக்கை மட்டும் பாசிட்டிவ் என்று தனியே கிடக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பு என்பது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஆனால் ஆய்வக எண்ணைப் பார்த்து நோயை முடிவு செய்யும் அதிகாரம் கோடருக்கு இல்லை. அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளையாகக் கொடுத்திருக்கிறார்கள், அது கர்ப்பிணிக்குக் கிளமிடியாவுக்கான வழக்கமான மருந்து, ஆகவே கிளமிடியாதான் என்று மருந்திலிருந்து பின்னோக்கிப் போவதும் கூடாது. அந்தத் துப்பு, மருத்துவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கும் குவெரி அனுப்பக் காரணமாகலாம், கோடு போடக் காரணமாகாது.

குவெரியில் என்ன எழுதுவது? "கிளமிடியா செர்விசைட்டிஸ் என்று எழுதித் தர முடியுமா" என்று கேட்டால் அது வழிநடத்தும் கேள்வி, ஆடிட்டில் நிற்காது. இந்த மாதிரி கேளுங்கள்: "இந்தத் தேதிக் குறிப்பில் செர்விசைட்டிஸ் என்று உள்ளது. அதே நாளில் எடுத்த கருப்பை வாய் ஸ்வாப் கிளமிடியாவுக்குப் பாசிட்டிவ். அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டுள்ளது. செர்விசைட்டிஸின் காரணத்தை உங்கள் மருத்துவக் கணிப்பின்படி குறிப்பிடவும்: கிளமிடியா, வேறு கிருமி, இரண்டும் தொடர்பற்றவை, தீர்மானிக்க இயலவில்லை." எந்தப் பதிலுக்கு எவ்வளவு பணம் வரும் என்ற பேச்சே அதில் இருக்கக் கூடாது.

"சந்தேகம்" என்ற சொல் வெளிநோயாளிக்கும் உள்நோயாளிக்கும் வேறு வேறு விதமாக நடந்துகொள்கிறது. வெளிநோயாளிக் குறிப்பில் "செர்விசைட்டிஸ், கிளமிடியாவாக இருக்கலாம், முடிவு வரவில்லை" என்றால் உறுதியானது செர்விசைட்டிஸ் மட்டும்தான், ஓ23.512 போதும். முடிவு வந்த பிறகு அடுத்த வருகையில் மருத்துவர் கிளமிடியா என்று எழுதினால் அந்த வருகைக்கு ஓ98.312. உள்நோயாளியாக இருந்து, டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் "கிளமிடியா செர்விசைட்டிஸாக இருக்கக்கூடும்" என்று முடிந்தால், உறுதியானது போலவே கோடு போடலாம். ஒரே வாக்கியம், இடம் மாறினால் கோடு மாறுகிறது. எச்ஐவி போன்ற சிலவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பக்கம், தொற்றே இல்லாததைத் தொற்றாக்கும் தவறு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் கருப்பை வாயின் உட்புறச் செல்கள் வெளியே தெரிவது மிகவும் சாதாரணம், எக்ட்ரோப்பியன் என்பார்கள். சிவந்து தெரியும், தொட்டால் கொஞ்சம் ரத்தம் கசியும். குறிப்பில் "சிவந்த, எளிதில் ரத்தம் கசியும் கருப்பை வாய்" என்று இருப்பதை வைத்து ஓ23.51 போடக் கூடாது. மருத்துவர்களே செர்விசைட்டிஸ் என்று சொல்லப் பார்ப்பது முக்கியமாக இரண்டு அடையாளங்கள்: கருப்பை வாய்க் குழாயில் சீழ் கலந்த கசிவு, அல்லது பஞ்சு ஸ்வாபை மெதுவாக நுழைத்தாலே தொடங்கி நிற்காமல் கசியும் ரத்தம். அந்த வேறுபாட்டைப் பிரித்துச் சொல்வது அவர்கள் வேலை. நமக்கு வேண்டியது நோயின் பெயர்.

குரூப் பி ஸ்டிரெப்டோகாக்கஸும் இதே கதைதான். 36 வாரத்துக்குப் பிறகு எடுக்கும் வழக்கமான ஸ்வாப் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் அவர் கிருமியைச் சுமப்பவர், தொற்று உள்ளவர் அல்ல. அதற்கு ஓ99.820, பிரசவத்தின்போது என்றால் ஓ99.824. அதை ஓ23.513, பி95.1 என்று போட்டால் இல்லாத நோயை ஒரு பெண்ணின் பதிவில் ஏற்றிவிடுகிறீர்கள். எச்பிவி என்ற வைரஸுக்குப் பாசிட்டிவ் என்ற கருப்பை வாய்ப் பரிசோதனை முடிவும் செர்விசைட்டிஸ் ஆகாது. பாக்டீரியல் வஜைனோசிஸ் யோனியின் பிரச்சினை, ஓ23.51 அல்ல, ஓ23.59 பக்கம் பாருங்கள்.

ஸ்கிரீனிங் பற்றி ஒரு வார்த்தை. அறிகுறி எதுவும் இல்லாமல், முதல் வருகையில் வழக்கமாக எடுக்கும் பரிசோதனைக்கு இசட்11.3. 25 வயதுக்குக் குறைந்த எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், அதற்கு மேற்பட்டவர்களில் ஆபத்து கூடியவர்களுக்கும் கிளமிடியா, கொனோரியா பரிசோதனையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பரிந்துரைக்கிறது, ஆகவே இது தினமும் வரும் சார்ட். முடிவு வரும்வரை அந்தப் பெண்ணுக்கு நோய் இல்லை. கசிவோடு வந்து பரிசோதனை எடுத்தால் அது ஸ்கிரீனிங் அல்ல, அறிகுறியைக் கோடு செய்ய வேண்டும். வழக்கமான கர்ப்ப மேற்பார்வைக்கான இசட்34-ஐ எந்த ஓ கோடோடும் சேர்க்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. தொற்று உறுதியான அன்றே இசட்34 வெளியே போய்விடுகிறது.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது பிரச்சினைப் பட்டியலைக் காப்பி அடிப்பதுதான். 10ஆம் வாரத்தில் கிளமிடியா. மருந்து கொடுத்தாயிற்று. கர்ப்பிணிக்குச் சிகிச்சை முடிந்து சுமார் 4 வாரத்தில் குணமானதா என்று மறுபரிசோதனை, 3 மாதத்தில் இன்னொரு முறை. இரண்டும் நெகட்டிவ். ஆனால் மின்பதிவில் அந்த வரி 34ஆம் வாரம் வரை ஒவ்வொரு வருகையிலும் தானாக ஒட்டிக்கொண்டே வருகிறது. கோடர் அதைப் பார்த்து ஓ98.313 போடுகிறார். அந்த வருகையில் மருத்துவர் அதைப் பற்றிப் பார்த்தாரா, பேசினாரா, சிகிச்சை கொடுத்தாரா? எதுவும் இல்லை என்றால் அது வரலாறு, இசட்86.19. நேர்மாறான பொறியும் உண்டு: 4 வாரத்துக்கு முன்பே மறுபரிசோதனை எடுத்தால் செத்த கிருமியின் மரபுப்பொருள் மிச்சம் இருந்தே பாசிட்டிவ் காட்டலாம். அந்தப் பாசிட்டிவைப் பார்த்துப் புதுத் தொற்று என்று முடிவு கட்டாதீர்கள். சிகிச்சை தொடர்கிறதா, மறுபடி தொற்றியதா, குணமாகிவிட்டதா என்று மருத்துவர் ஒரு சொல் எழுதினால் போதும்.

மருத்துவர்களிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் நான் கேட்பது ஒரே ஒரு வாக்கியம்தான். "22 வாரம் 3 நாள், கிளமிடியாவால் ஏற்பட்ட செர்விசைட்டிஸ், இன்று உறுதியானது, அசித்ரோமைசின் தொடங்கப்பட்டது, 4 வாரத்தில் மறுபரிசோதனை" என்று எழுதினால் இந்தப் பதில் முழுக்கத் தேவையில்லாமல் போயிருக்கும். சிலர் நோயாளியின் மனதைப் புண்படுத்த வேண்டாம் என்று பால்வினை நோயின் பெயரை எழுதத் தயங்கி "தொற்று" என்று பூசி மெழுகுகிறார்கள். அந்த நல்ல எண்ணம் புரிகிறது. ஆனால் பிரசவ அறையில் இருப்பவருக்கும் குழந்தை மருத்துவருக்கும் எந்தக் கிருமி என்று தெரிந்தாக வேண்டும். குழந்தையின் கண்ணும் நுரையீரலும் சம்பந்தப்பட்ட விஷயம்.

உங்கள் சார்ட்டுக்கு இப்போது செய்ய வேண்டியது: என்72, இசட்33.1 இரண்டையும் எடுத்துவிட்டு ஓ98.312, ஏ56.09, இசட்3ஏ.22 என்ற வரிசையில் திருத்தி அனுப்புங்கள். ஓ கோடு முதலில் நிற்க வேண்டும். 15ஆம் அத்தியாயத்துக்கு முன்னுரிமை உண்டு. கோடுகள் ஒவ்வொரு அக்டோபர் 1 அன்றும், சில ஆண்டுகளில் ஏப்ரல் 1 அன்றும் மாறுகின்றன. வெளிநோயாளிக்குச் சேவை தேதி, உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் தேதி எந்தப் பதிப்பில் விழுகிறதோ அந்தப் பதிப்பைத் திறந்து ஒரு தடவை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.